ஒட்டாத இடம்

வெனீர் என்றால் மரத்தின் தோல்.
அரை மில்லிமீட்டர்.
மடக்கினால் முறியும், நனைத்தால் சுருளும்.
பென்னாகரம் ரோட்டில் நான் நிற்கிற பிளைவுட் கடையில்
பழைய மாதிரித் தாள்களை
மாசக் கடைசியில் எடைக்குப் போடுவார்கள்.
ஈட்டியில் இரண்டு,
ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவியவை,
முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தேன்.

பெட்டி ஒன்பது எம்.எம். பிளைவுட்.
ஒரு சாண் நீளம்.
மூலைகளைச் சாய்வாக அறுத்ததில் மூன்று கூடியது.
நாலாவதில் நகக்கண் அளவு சந்து.
மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.
அடைக்கிறது எனக்கு நன்றாக வரும்.

மூடிக்குத்தான் ஈட்டி.
இரண்டு தாளையும் புத்தகம்போல விரித்தேன்.
இந்தப் பக்கத்து ரேகை
அந்தப் பக்கம் முகம் பார்த்தது.
நடுத் தையல் உடம்பு,
இருபுறமும் இறக்கை,
இறக்கைக்கு ஒரு கண்.
நான் வரையவில்லை.

ஃபெவிகால் தடவி, செய்தித்தாள் விரித்து,
வீட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து,
மேலே குவாரியில் கழித்த கிரானைட் துண்டு,
அதற்கும் மேலே இரண்டு தண்ணீர் கேன்.
விடியும்வரை பாரம்.
பக்கத்தில் படுத்து
கேன் தண்ணீர் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெய்வானைக்குப் பட்டுக்கூடு மார்க்கெட்டில் வேலை.
கூட்டைக் காதோரம் வைத்து ஆட்டுவாள்.
நல்ல கூடு என்றால்
உள்ளே கடகடவென்று ஒரு சின்னச் சத்தம்.
புழு செத்துக் கரைந்து
சுவரோடு ஒட்டியிருந்தால் சத்தமே வராது.
அத்தனை பேர் ஏலம் கேட்கிற கூச்சலுக்கு நடுவிலும்
அவளுக்கு அது கேட்கும்.
சந்தேகம் வந்தால் பிளேடு.

ஏலம் என்றால் அவளுக்குக் கிலோ கணக்கு.
நாலு பவுன் சங்கிலிக்கும் ஏலம் உண்டு என்று
ஆடி மாசம்
கடைக்கு வந்த ரிஜிஸ்டர் தபாலில் படித்தேன்.
ஏழு மாச வட்டி.
அவள் இன்னும் கடுகு டப்பாவில்
நூறும் இருநூறுமாகப் போட்டுவருகிறாள்,
தீபாவளிக்குள் மீட்டுவிடலாமாம்.

தபாலை நாலாக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.
அதன்மேல் சிவப்பு வெல்வெட் ஒட்டினேன்.
எரித்திருக்கலாம்.
அடுப்பு இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன்.
"கல்யாண நாளு தை மாசமாச்சே?"
"சும்மாதான்."
"சும்மா செய்யற ஆளா நீ?"
முந்தானையால் ஒருதரம் துடைத்தாள்.
மூடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.
"அந்துப்பூச்சி!
எங்க மார்க்கெட்டுல இது வெளிய வந்துட்டா
கூட்டுக்கு வெலையே கெடையாது, தெரியுமா?"
தெரியும் என்றேனா, தெரியாது என்றேனா,
நினைவில்லை.

அப்புறம் கை தானாகப் போனது.
பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டினாள்.
சத்தமில்லை.
அவ்வளவு இறுக்கி ஒட்டியிருந்தேன்.
அவள் முகத்தில் ஏதோ ஒன்று நின்றது.
நகத்தால் தட்டினாள்.
மூடியை, நாலு பக்கத்தை, திறந்து உள்ளே அடியை.
எல்லா இடத்திலும் ஒரே குரல்.
வலது மூலைப் பக்கம் குரல் மாறியது.
இன்னொருதரம் தட்டினாள்.
இன்னொருதரம் மாறியது.

"இங்க ஒட்டல."

வெனீர் குமிழ்விட்டால் வைத்தியம் இருக்கிறது.
இழை போகிற வாக்கில் கீறி,
உள்ளே பசை விட்டு,
சூடு காட்டி அமுக்கவேண்டும்.
குறுக்கே வெட்டினால்
எத்தனை பாலிஷ் போட்டாலும் தழும்பு தெரியும்.
இது வெல்வெட்.
இதற்கு இழை எந்தப் பக்கம் என்று
எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பர்ஸிலிருந்து பிளேடை எடுத்தாள்,
கூடு அறுக்கிற பாதி பிளேடு.
"இப்படிக் குடு," என்றேன்.
"நானே கீறறேன்."

கொடுத்தாள்.
தலையைக் கொஞ்சம் சாய்த்து,
காது என் பக்கமாக,
உட்கார்ந்திருந்தாள்.